நிலாப் பூவைத் தேடிப் போனேன்!

இரவு பத்தே கால் மணி. மேற்கு மாம்பலத்தில் எங்கள் சந்தில் அநேகமாக எல்லா வீடுகளிலும் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, பாய் விரிக்கும் நேரம். அடுத்த வீட்டுப் பாட்டியம்மா மதிலோரம் வந்து நின்று குரல் கொடுத்தார்.

"பிரம்ம கமலம் விரியுது! எல்லாரும் வாங்க. குழந்தைகளையும் எழுப்பிக் கூட்டிக்கிட்டு வாங்க!"

வாசகர்களே, உங்களில் பலர் இந்த வைபவத்துக்கு ஒரு முறையாவது போயிருப்பீர்கள். ஆகையால் அதிகம் வர்ணிக்கவில்லை. ஒரு பழைய பிளாஸ்டிக் வாளியில் செடி. வாளிக்கு மேலே ட்யூப் லைட். செடியில் ஏழு பூ. செடியைச் சுற்றிப் பதினெட்டுப் பேர். ஒருவர் கற்பூரம் ஏற்றினார். ஒருவர் காப்பி கொண்டு வந்தார். மற்றவர்களெல்லாம் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். பாட்டியம்மா ஒரு பூவை இலேசாக நிமிர்த்திக் காட்டி, "உள்ளே பாருங்க, இதுதான் பிரம்மா. மேலே குடை பிடிக்கிறது ஆதிசேஷன்" என்று விளக்கினார். பூவின் வெண்மையும் அந்த வாசனையும் சேர்ந்து, பார்க்கிறவர்களைச் சற்று நேரம் பேசாமல் அடித்துவிட்டன.

பேசியது பாட்டியம்மாவின் பேத்திதான். பத்து வயது இருக்கும்.

"மாமா, மல்லி சாயங்காலம் பூக்குது, நாம தலையிலே வெச்சுக்கறோம். இது நடு ராத்திரியிலே பூத்து, விடியறதுக்குள்ளே தொங்கிப் போயிடுதே. இது யாருக்காகப் பூக்குது?"

"சுவாமிக்காகத்தான், வேறே யாருக்கு?" என்றார் பாட்டி.

"சுவாமி பகல்லே வரமாட்டாரா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்கதான் பத்திரிகைக்காரர் ஆச்சே, சொல்லுங்களேன்" என்றார் எதிர் வீட்டுக்காரர். எனக்குத் திடீரென்று இருமல் வந்தது. காப்பி ஆறுகிறது என்று சொல்லி அந்தப் பக்கம் நகர்ந்தேன். அந்த இருமலின் விளைவுதான் இந்தக் கட்டுரை.

பெயரே இரவல்!

மறுநாள் காரியாலயத்தில் புத்தக அலமாரியைக் குடைந்ததில் முதலில் ஓர் உண்மை தெரிந்தது. நம் வீட்டுப் பிரம்ம கமலத்தின் பெயரே இரவல் பெயர். அசல் பிரம்ம கமலம் இமயமலையில், மூவாயிரம் மீட்டருக்கு மேலே, பனிக் காற்றில் பூக்கிறது. உத்தராகண்ட் மாநிலத்தின் மலர் அதுதான். நம்முடையதோ கள்ளி! ஆம், வேலியோரம் முள்ளோடு நிற்கும் சப்பாத்திக் கள்ளியின் பங்காளி. பிறந்த வீடு மெக்ஸிகோவின் தெற்கும் அதை அடுத்த மத்திய அமெரிக்கக் காடுகளும். கேரளத்தில் இதை நிஷாகந்தி என்கிறார்கள். சீனர்கள், வந்த வேகத்தில் மறையும் புகழுக்கு இந்தப் பூவை உவமை சொல்கிறார்கள்.

நாம் 'இலை' என்று கிள்ளிக் கொண்டுவந்து நடுகிறோமே, அது இலையே அல்ல. தட்டையாகிப் போன தண்டு. அதனால்தான் அதன் ஓரத்திலிருந்து மொட்டு கிளம்புகிறது. நம் ஊரில் இந்தச் செடி பெரும்பாலும் காய்ப்பதில்லை. ஆனாலும் வீட்டுக்கு வீடு பரவியிருக்கிறது. எப்படி? "மாமி, ஒரு இலை கொடுங்களேன்" என்ற ஒரே மந்திரத்தினால்தான். தெருவில் உள்ள பத்துச் செடிகளும் ஒரே தாயின் துண்டுகளாக இருந்தால் ஆச்சரியமில்லை.

கள்ளி என்றால் பாலைவனம், சுடுமணல் என்றல்லவா படித்தோம்? இந்தக் கூட்டத்தின் சொந்த ஊரோ அடை மழைக் காடு. அதிலும் தரையில் வளர்வதில்லை. பெரிய மரங்களின் கிளைக் கவட்டில், தரையிலிருந்து வெகு உயரத்தில் தொற்றிக்கொண்டு வளர்கின்றன. யோசித்தால் நியாயம் புரியும். மரக் கிளையின் மேல் மண் கிடையாது. எவ்வளவு மழை பெய்தாலும் நிமிஷத்தில் வழிந்து ஓடிவிடும். மழை விட்டு வெயில் வந்தால் கிளையின் முதுகு ஒரு சின்னப் பாலைவனம்தான். அங்கே பிழைக்கத் தண்ணீரைச் சேமிக்கும் கள்ளியின் சாமர்த்தியம் வேண்டும்.

இவற்றைப் புல்லுருவி என்று எண்ணிவிடாதீர்கள். புல்லுருவி மரத்தின் சாற்றை உறிஞ்சிக் குடிக்கும். இவை அப்படி அல்ல. ஒண்டுக் குடித்தனக்காரர்களைப் போல. வாடகை கொடுப்பதில்லை, அதே சமயம் வீட்டுக்காரர் அடுப்பிலிருந்து ஒரு பருக்கையும் எடுப்பதில்லை. இருக்க இடம் மட்டும் போதும். மழைத் தண்ணீர், காற்றோடு வரும் தூசி, பட்டைப் பிளவில் மக்கும் சருகு, இவற்றைக் கொண்டே காலட்சேபம்.

சரி, குழந்தையின் கேள்விக்கு வருவோம். இரவில் ஏன்? பூவை மகரந்தம் சேர்க்க வரும் விருந்தாளி இரவில் வருகிறார் என்பதால்தான். இருட்டில் சிவப்புக்கும் நீலத்துக்கும் மதிப்பில்லை, வெள்ளைதான் தெரியும். தூரத்திலிருந்து அழைக்க வாசனை. பூவின் கழுத்து ஒரு சாண் நீளக் குழாய். அதன் அடியில் தேன். அந்தக் குழாய்க்குள் நாக்கை நீட்டக்கூடிய பெரிய அந்துப்பூச்சிகளுக்காக வைத்திருக்கும் பந்தி அது.

புத்தகத்தில் இவ்வளவுதான் இருந்தது. ஆசிரியரிடம் சொன்னேன். அவர் மேஜை மேலிருந்த ஒரு சித்திரப் புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். கரிய நீரில் மூழ்கிய காடு. ஒரு மரத்தில் ஒட்டிக்கொண்ட செம்மண் நிறத் தண்டு. அதன் மேல் நிலவு வெள்ளையில் ஒரே ஒரு பூ.

"இதுவும் உங்கள் பாட்டியம்மா வீட்டுச் செடிக்கு உறவுதான். அமேசான் நிலாப் பூ என்று பெயர். மே மாதம் பூக்குமாம். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்று மட்டும்: அட்டைக்குப் படம் இல்லாமல் திரும்பி வராதீர்கள்!"

கறுப்பு நதி

மூன்று விமானம் மாறி, எந்த வேளைக்கு எந்தச் சாப்பாடு என்ற கணக்கு தப்பிப் போய், பிரேசில் நாட்டின் மனாவுஸ் நகரத்தில் இறங்கினேன். கடலிலிருந்து சுமார் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் உள்ளே, காட்டின் நடுவில் இருபது லட்சம் ஜனங்கள் வாழும் ஊர். அத்தனை உள்ளே இருந்தும் ஆற்று வழியாகப் பெரிய கப்பல்கள் வந்து துறைமுகத்தில் நிற்கின்றன.

ஊர் நடுவில் ஒரு மேட்டில், பளபளக்கும் ஓடுகள் வேய்ந்த குவிமாடத்தோடு ஓர் இசை நாடக மண்டபம் இருக்கிறது. 1896-ம் ஆண்டு கடைசி நாளில் திறந்தார்கள். காட்டின் நடுவே இப்படி ஒரு ராஜ மாளிகையை எழுப்பியது ரப்பர்ப் பணம். அந்தக் காலத்தில் உலகத்துக்கு வேண்டிய ரப்பரில் பெரும் பகுதி இந்தக் காட்டு மரங்களிலிருந்துதான் கிடைத்தது. 1876-ல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் ரப்பர் விதைகளை மூட்டை கட்டி லண்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் வந்தன. அந்தத் தோட்டங்களில் காடு வெட்டி, கன்று நட்டு, விடியற்காலையில் கத்தியும் கோப்பையுமாகப் பால் வெட்டியவர்களில் பெரும் பகுதியினர் நம் தமிழ் நாட்டிலிருந்து கப்பலேறிப் போன ஏழைகள். 1910-களில் அந்தத் தோட்ட ரப்பர் உலகச் சந்தையைப் பிடித்தது. மனாவுஸின் சீமான்கள் நொடித்துப் போனார்கள். இசை மண்டபத்தில் பாட்டு நின்றது. மண்டபத்தின் படியில் நின்றபோது, உலகத்தின் மறு கோடிக்கு வந்துவிட்டோம் என்ற எண்ணம் எனக்குப் போய்விட்டது. நம்மவர்களின் வியர்வை இந்த ஊர்க் கதையில் முன்னமே கலந்திருக்கிறது!

மனாவுஸுக்குக் கீழே இரண்டு நதிகள் கூடுகின்றன. ஒன்று சேற்று நிறம். இன்னொன்று ரியோ நெக்ரோ. 'கறுப்பு நதி' என்றே அதற்கு அர்த்தம். இரண்டும் ஆறு கிலோமீட்டர் தூரம் ஒன்றோடொன்று கலக்காமல், மனஸ்தாபம் கொண்ட ஓரகத்திகளைப் போல, பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. கறுப்பு நதியில் கையை விட்டு அள்ளினால் தண்ணீர் கறுப்பாக இல்லை. பால் விடாத தேநீர் நிறம். காட்டுச் சருகுகள் ஊறி ஊறி இறங்கிய சாயம் அது. அந்தப் புளிப்புத் தண்ணீரில் கொசு அதிகம் உற்பத்தியாவதில்லை. மேற்கு மாம்பலத்திலிருந்து போனவனுக்கு இதைவிடச் சந்தோஷமான செய்தி வேறு என்ன வேண்டும்?

நதியின் மேல் 2011-ல் கட்டிய மூன்றரை கிலோமீட்டர் நீளப் பாலத்தைத் தாண்டி, காட்டுச் சாலையில் சுமார் மூன்று மணி நேரம் போனால் நோவோ ஐரௌன் என்ற சிற்றூர். எதிரே அனவில்யானாஸ். நதிக்குள்ளேயே ஏறக்குறைய நானூறு தீவுகள்! 2008 முதல் இது தேசியப் பூங்கா. காலையில் மரவள்ளி மாவில் சுட்ட அடை ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு (மரவள்ளியும் தென் அமெரிக்காவிலிருந்து நம் ஊருக்கு வந்த விருந்தாளிதான்) படகுத் துறைக்குப் போனேன். கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்த வழிகாட்டி இளைஞன் ஒருவனும், படகுக்காரரான அவன் தாத்தாவும் காத்திருந்தார்கள். கிழவருக்குப் போர்த்துக்கேய மொழி மட்டும்தான். ஆனால் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு சுத்தமான தமிழ்.

மூழ்கிய காடு

படகுத் துறையில் கிழவர் ஒரு மரத்தைக் காட்டினார். என் தலைக்கு மேலே, இரண்டு ஆள் உயரத்தில் தண்ணீர்க் கறை. "2021 ஜூன் மாதம் ஆறு அதுவரை ஏறியது" என்றான் பேரன். அந்த ஆண்டு மனாவுஸ் அளவுகோலில் முப்பது மீட்டரைத் தாண்டியது. 1902-ல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அவ்வளவு உயர்ந்ததில்லை. மூன்றே ஆண்டு கழித்து, 2024 அக்டோபரில், அதே அளவுகோலில் பதின்மூன்று மீட்டருக்கும் கீழே போனது. அவ்வளவு தாழ்ந்ததும் அதற்கு முன் இல்லை. "அந்த மாதம் படகு ஓட்டவில்லை. படகைத் தாண்டி நடந்தோம்" என்று கிழவர் சொன்னதாக இளைஞன் மொழிபெயர்த்தான். கிழவர் அப்போது சிரிக்கவில்லை.

ஆண்டுதோறும் இந்த நதி சுமார் பத்து மீட்டர் ஏறி இறங்குவது வழக்கம். மே, ஜூன் மாதங்களில் கரையோரக் காடு முழுவதும் மாதக் கணக்கில் நீருக்குள் நிற்கிறது. 'இகாப்போ' என்று அந்தக் காட்டுக்குப் பெயர். மரத்தின் நடு உடம்பு வரை தண்ணீர். நாம் படகில் போவது கிளைகளுக்கு இடையே! எனக்கு வலப் பக்கம் ஒரு பறவைக் கூடு, கை எட்டும் தூரத்தில். கீழே, கோடையில் பறவைகள் பாடியிருக்கக்கூடிய கிளையில் மீன்கள் மேய்ந்துகொண்டிருந்தன. நீர் அசையாமல் கண்ணாடியாக இருந்ததால் மேலே ஒரு காடு, கீழே தலைகீழாக ஒரு காடு. இரண்டுக்கும் நடுவே நாங்கள் மூன்று பேர்.

மூன்று மணி நேரம் தேடினோம். ஐந்து செடிகள் கண்ணில் பட்டன. ஐந்திலும் மொட்டு இல்லை. ஆறாவது செடியைப் பார்த்ததும் கிழவர் துடுப்பை நிறுத்தினார்.

நான் முதலில் செடி என்றே நம்பவில்லை. யாரோ பழுத்த சிவப்பு இலைகளை வரிசையாக மரத்தில் பசை போட்டு ஒட்டியதைப் போல் இருந்தது. நம் வீட்டுச் செடியின் தண்டு தொங்கும். இதன் தண்டு, மரத்தோடு மரமாகப் படிந்து, தன் வேர்களாலேயே தன்னைத் தைத்துக்கொண்டிருக்கிறது. நிழலில் பச்சை, வெயில் பட்ட இடத்தில் செங்கல் சிவப்பு. ஓரத்தில் மெல்லிய முள். 'நான் கள்ளிதான்' என்பதற்கு அது ஒன்றே அத்தாட்சி.

இந்தச் செடி மரத்தில் இடம் பிடித்திருப்பதைக் கவனியுங்கள். கீழேயும் இல்லை, உச்சியிலும் இல்லை. வெள்ளம் ஏறி நிற்கும் கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சில ஆண்டுகளில் தண்டு நீரில் மூழ்கவும் செய்யும், பிழைத்துக்கொள்ளும். அதன் விதைக்குள் காற்றறை உண்டு. தண்ணீரில் மிதந்து போய் வேறு ஒரு மரத்தில் ஒட்டி முளைக்கிறது. கள்ளிச் செடி, படகு விட்டுக் குடும்பம் நடத்துகிறது! 1997-ல் வில்ஹெல்ம் பார்த்லொட் என்ற ஜெர்மன் தாவர நிபுணரும் அவர் தோழர்களும் இதை விவரமாக ஆராய்ந்து எழுதினார்கள். பூவின் குழாய் கால் மீட்டருக்கும் மேல் நீளம். அதற்கு ஈடான நாக்கு உள்ள இரண்டு அந்துப்பூச்சி இனங்களே இதன் விருந்தாளிகளாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு.

அந்த ஆறாவது செடியில் ஒரு மொட்டு இருந்தது. நுனியில் வெள்ளை எட்டிப் பார்த்தது. கிழவர் அதைத் தொடாமல் முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னார்.

"இன்றிரவு" என்றான் இளைஞன்.

ஒரு பெண்மணியின் காத்திருப்பு

படகை மரத்தில் கட்டிவிட்டுக் காத்திருந்தோம். உங்களுக்குச் சும்மா இருக்கச் சிரமமாக இருக்குமாதலால், ஆசிரியர் காட்டிய சித்திரத்தை வரைந்தவரின் கதையைச் சொல்கிறேன்.

அவர் பெயர் மார்கரெட் மீ. 1909-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1952-ல் பிரேசிலுக்கு வந்து சித்திர ஆசிரியையாக வேலை பார்த்தார். 1956-ல், ஏறக்குறைய நாற்பத்தேழு வயதில், முதல் தடவையாக அமேசான் காட்டுக்குள் போனார். நம் ஊரில் அந்த வயதில் பெண்கள் மாப்பிள்ளை பார்க்கப் புறப்படுவார்கள். இவர் வர்ணப் பெட்டியும் கைத்துப்பாக்கியுமாகப் படகேறினார். அதன்பின் முப்பத்திரண்டு ஆண்டுகளில் பதினைந்து பிரயாணங்கள். பூக்களைப் பறித்துவந்து அறையில் வைத்து வரைவது அவர் வழக்கமல்ல. அவை வாழும் இடத்துக்கே போய், சுற்றியுள்ள காட்டோடு சேர்த்து வரைந்தார். போகும்போதெல்லாம் முன்பு பார்த்த காடு குறைந்திருப்பதைக் கண்டார். அதைப் பகிரங்கமாகச் சொல்லவும் அவர் தயங்கவில்லை.

எல்லாம் வரைந்தார், ஒன்று மட்டும் கைக்கு எட்டவில்லை. இந்த நிலாப் பூ. செடியைப் பல ஆண்டுகள் முன்பே பார்த்துவிட்டார். ஆனால் பார்க்கும்போதெல்லாம் மொட்டு இருக்காது, அல்லது பூ வாடித் தொங்கும். ஓர் இரவு, சில மணி நேரம். அதைத் தவறவிட்டால் மீண்டும் அடுத்த ஆண்டுதான். 1988 மே மாதம், எழுபத்தொன்பதாவது பிறந்த நாளை ஒட்டி, இதே அனவில்யானாஸ் பகுதிக்கு வந்தார். மொட்டோடு ஒரு செடி கிடைத்தது. படகின் கூரைமேல் உட்கார்ந்தார். இருட்டிய பிறகு இதழ்கள் ஒவ்வொன்றாக அசைந்து விலகுவதைக் கண்ணாரக் கண்டு, விளக்கு வெளிச்சத்தில் வரைந்து முடித்தார்.

அதே ஆண்டு நவம்பரில் இங்கிலாந்தில் ஒரு மோட்டார் விபத்தில் அவர் உயிர் போனது. காட்டுக்கும் வெள்ளத்துக்கும் தப்பியவரைச் சாலை கொண்டுபோயிற்று.

விளக்கை அணையுங்கள்!

பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் அங்கே அந்தி என்று சொல்லிக்கொள்ள நேரமே இல்லை. ஆறு மணிக்குச் சூரியன் இறங்கியது. அரை மணிக்குள் மை இருட்டு. தவளைகள் கச்சேரியை ஆரம்பித்தன. டார்ச்சைத் திருப்பியபோது தண்ணீர் மட்டத்தில் இரண்டு சிவப்புப் பொட்டுகள் மின்னின. "முதலை. சின்னதுதான்" என்றான் இளைஞன். 'சின்னது' என்பதற்கு அவன் கையை விரித்துக் காட்டிய அளவு எனக்கு ஆறுதல் தரவில்லை.

மொட்டின் கழுத்து இலேசாகத் தளர்ந்தது. வெளி இதழ் ஒன்று, யாரோ விரலால் சுண்டியது போல் விடுபட்டது. பிறகு இன்னொன்று. நான் செல்போனைத் தூக்கினேன். பெரிய டார்ச்சை இளைஞன் கையில் கொடுத்து, நேரே பூவின்மேல் பிடிக்கச் சொன்னேன். பளீர்! பளீர்! பத்து நிமிஷத்தில் முப்பது படம். ஆசிரியரும் அவர் அட்டையும் என் மனக் கண்முன் நின்றார்கள்.

கிழவர் மெதுவாக ஏதோ சொன்னார். இளைஞன் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தான்.

"என்ன சொல்கிறார்?"

"தப்பாக நினைக்க வேண்டாம், ஐயா. கல்யாண வீட்டு வாசலில் இப்படி விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றால் மாப்பிள்ளை எப்படி வருவார் என்று கேட்கிறார்."

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்த வார்த்தை எனக்குப் புதிதல்ல. மார்கரெட் மீ தம் குறிப்பில் ஏறக்குறைய இதையேதான் எழுதியிருக்கிறார். ஆயுளெல்லாம் காத்திருந்து பூவைப் பார்த்த அந்த இரவில், விருந்தாளியான அந்துப்பூச்சி வரவில்லை. தாங்கள் அங்கே இருந்ததே அதைத் தடுத்துவிட்டதோ என்று அவர் வருந்தினார். பல வருஷம் தேடியவர், தேடிய பொருள் கிடைத்த அதே நிமிஷத்தில், தம் கண்ணாலேயே அதற்குக் கண்ணேறு பட்டுவிட்டதாக எண்ணி வருந்தினார். சென்னையில் அதைப் படித்தபோது 'அடடா' என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். இப்போதோ அந்தப் பாவத்தின் டார்ச் என் ஏற்பாட்டில் எரிகிறது. இந்தப் பூவுக்கு இந்த ஓர் இரவுதான். நாளை என்று ஒன்று அதற்குக் கிடையாது. எனக்கு வேண்டியது ஓர் அட்டைப் படம். அதற்கு வேண்டியது ஒரு வம்சம்.

"அணைத்துவிடு" என்றேன்.

படகைப் பத்துப் பதினைந்து முழம் தள்ளிக் கொண்டுபோய் வேறு மரத்தில் கட்டினார் கிழவர். அதன் பிறகு நான் பூவைப் பார்க்கவில்லை, வாசகர்களே. இருட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு மங்கலான திட்டு தெரிந்தது. அதுவும் என் கண்ணின் பிரமையாக இருக்கலாம். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாததால் மூக்கும் காதும் விழித்துக்கொண்டன. சற்று நேரத்தில் வாசனை வந்தது. நம் பிரம்ம கமலத்தின் வாசனைக்கு அக்காள் என்று சொல்லலாம். தித்திப்பு, ஈரம், ஏதோ ஒரு பழத்தின் நெடி. காற்று இல்லாத அந்த இரவில் அது தண்ணீரின் மேலேயே நடந்து வந்தது போல் இருந்தது.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தோம் என்று தெரியாது. ஒரு தடவை, தையல் இயந்திரத்தைத் தூரத்தில் ஓட்டினாற்போல் 'விர்' என்று ஒரு சப்தம் எங்களைத் தாண்டிப் போயிற்று. ஒரு நிமிஷம் நின்றது. மறுபடி எழுந்து மறைந்தது. கிழவர் என் முழங்காலைத் தொட்டார். அது அந்துப்பூச்சிதானா, இல்லை ஏதாவது வண்டா, வௌவாலா? கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னால் மாட்டேன். விளக்குப் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். விளக்குப் போட்டிருந்தால் அது வந்திருக்காது.

விடியற்காலையில் படகைப் பக்கத்தில் கொண்டுபோனோம். பூ கூம்பித் தொங்கிக்கொண்டிருந்தது, நனைந்த கைக்குட்டை போல. தித்திப்பு வாசனை போய்விட்டிருந்தது.

திரும்பி வந்த பிறகு

ஆசிரியர் முப்பது படங்களையும் பார்த்தார். ஒன்றில் டார்ச் வெளிச்சம் பட்டுப் பூ ஒரு வெள்ளைக் காகித உருண்டையாகத் தெரிகிறது. இன்னொன்றில் இளைஞனின் கட்டை விரல் மிக நன்றாக விழுந்திருக்கிறது. "இதற்கா மூன்று விமானம்?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ஓவியரைக் கூப்பிட்டு அனுப்பினார். இந்தப் பக்கத்தில் நீங்கள் காணும் சித்திரம் நான் சொல்லச் சொல்ல அவர் போட்டது. ஒரு பக்கத்தில் அந்துப்பூச்சியும் போட்டிருக்கிறார். அது மட்டும் என் நம்பிக்கை, சாட்சியம் அல்ல.

இந்தப் பூவைப் பார்க்க இப்போதெல்லாம் படகு ஏறவும் வேண்டாம். 2021 பிப்ரவரியில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் தாவரத் தோட்டத்தின் கண்ணாடி வீட்டில் ஒன்று பூத்தது. ஊரடங்குக் காலம். வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஜனங்கள் உலகெங்கும் இன்டர்நெட்டில் அதை நேரடியாகப் பார்த்தார்கள். ஆபத்துக் காலத்தில் அத்தனை பேர் மனத்துக்கு ஒரு பூ ஆறுதல் தந்தது பெரிய விஷயம்தான். அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் பூவின் கணக்கில், அன்று வந்த கூட்டத்தில் அது எதிர்பார்த்த ஒருவர் மட்டும் வரவில்லை.

பாட்டியம்மா வீட்டுச் செடி ஆவணி மாதத்தில் மறுபடி பூத்தது. இந்தத் தடவை ஐந்து பூ. வழக்கம் போல் நாற்காலிகள், காப்பி, செல்போன்கள். பேத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கறுப்பு நதியையும், மூழ்கிய காட்டையும், கிழவர் சொன்ன மாப்பிள்ளையையும் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அவள் எழுந்து போய் ட்யூப் லைட்டை அணைத்துவிட்டாள்.

"ஏய், யாரது? விளக்கை அணைச்சா எப்படிப் பார்க்கிறது?" என்று கூட்டத்தில் ஒரே சத்தம்.

"கொஞ்ச நேரம் இருங்க. அவங்க வீட்டு விருந்தாளி வராங்களான்னு பார்க்கலாம்" என்றது குழந்தையின் குரல்.

மாம்பலத்தில் அந்த விருந்தாளி வருவாரா என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. தெரு விளக்கு வெளிச்சம் மதிலைத் தாண்டி விழத்தான் செய்தது. ஆனாலும் பதினெட்டுப் பேரும் ஐந்து நிமிஷம் இருட்டில் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். பாட்டியம்மாதான் முதலில் சொன்னார்:

"என்னமோ, இருட்டிலேதான் வாசனை ஜாஸ்தியாத் தெரியுது."